பன்னிரண்டாம் நம்பர் காட்டில் ஏழு டேக்

இம்ரான் "கட்" என்று சொன்ன பிறகும் தேயிலை வெட்டும் ஆறு பெண்களின் கத்திரிகளும் நிற்கவில்லை. சளக், சளக் என்று அதே தாளத்தில் போய்க்கொண்டே இருந்தன. அவன் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான். சரசக்கா தலையைத் தூக்காமலே, "இருங்க தம்பி, இந்தச் செடி முடியட்டும்" என்றாள்.

முதல் டேக் பாதி வரை நன்றாகத்தான் போனது. அதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து கதாநாயகி, தேயிலை, பெண்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனது. எனக்குக் கேமரா வழியாக ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. பனி விலகக் கால் மணி நேரம் ஆனது.

விலகியதும் இம்ரான் கையைத் தட்டி, எல்லோரும் பழைய இடத்துக்குப் போங்கள், மறுபடி எடுக்கலாம் என்றான். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழைய இடத்தில் இலையே இல்லை. நாங்கள் பனிக்காகக் காத்துக்கொண்டிருந்த கால் மணி நேரமும் அவர்கள் வேலையை நிறுத்தவில்லை.

"அங்க போயி என்ன செய்யிறது? அதுதான் எடுத்தாச்சே" என்றாள் என் அம்மா. அந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

இம்ரான் திருப்பூர்க்காரன். அவன் பார்த்த தேயிலை எல்லாம் டீக்கடைத் தூள்தான். இலை எடுக்க வேண்டாம், சும்மா எடுக்கிற மாதிரி கத்திரியை ஆட்டினால் போதும் என்று பணிவாகத்தான் கேட்டான். அவர்களும் மரியாதைக்கு முயற்சி செய்தார்கள். காற்றில் கத்திரியை நீட்டி இரண்டு தடவை ஆட்டினார்கள். சலூனில் முடிவெட்டுகிறவர் கை ஓயாமல் கத்திரியைத் தட்டுவாரே, அப்படி இருந்தது. ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அவ்வளவுதான், ஆறு பேரும் சிரித்துச் சிரித்துச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்படியானால் எடுத்த செடியிலேயே மறுபடி வெட்டுங்கள் என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. மேல் கொழுந்து போன செடியில் மறுபடி கத்திரி வைத்தால் அடியிலிருக்கும் முற்றிய இலை போகும். செடி அடுத்த தடவை துளிர்க்கத் திணறும். அது எங்கள் எஸ்டேட்டில் யாரும் செய்கிற காரியமில்லை, படத்துக்காகக்கூட.

ஆக, ஒவ்வொரு டேக்குக்கும் புதுச் செடி வேண்டும். ஒவ்வொரு தடவையும் நாங்கள்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். நான் காட்டைப் பார்த்தேன்; தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். மிச்சமிருந்த இளம்பச்சையைக் கண்ணால் அளந்தேன். ஐந்தாறு டேக்குக்கு மேல் தாங்காது.

நானே பார்த்து வைத்த நாள்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, முதல் வருஷம் முழுக்கக் கேபிள் சுற்றிய கதையைப் படித்துவிட்டு, சினிமாவை டிகிரியாகப் படித்து அதைத்தான் கற்றுக்கொண்டாயா என்று கூடலூரிலிருந்து ஒரு சித்தப்பா போன் செய்தார். மூன்றாம் வருஷத்தில் வேறு விஷயமும் கற்றுக்கொண்டேன் சித்தப்பா. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் நான் படித்த கல்லூரியில் கடைசி செமஸ்டருக்குப் பரீட்சை என்று தனியாகக் கிடையாது. நான்கு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் இம்ரான் இயக்கம், நான் கேமரா, வெலிங்டன்காரி ஸ்டெஃபி ஒலி, ஹரிணி நடிப்பு. கேமராவையும் மற்ற சாமான்களையும் கல்லூரியில் குழுவுக்கு இத்தனை நாள் என்று எழுதிக் கொடுப்பார்கள். எங்களுடையதைப் படப்பிடிப்புக்கு அடுத்து வந்த திங்கள் காலை பத்து மணிக்குள் திருப்பித் தர வேண்டியிருந்தது.

இம்ரானின் கதை சின்னது. எஸ்டேட் பெண் ஒருத்திக்கு வெளியூரில் வேலை கிடைக்கிறது. அதைக் காட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் சொல்ல வருகிறாள். சொல்லாமலே போகிறாள். அந்த அம்மாவாக என் அம்மாவே நிற்பதாக ஏற்பாடு. வரும் நடை, நின்று தவிப்பது, திரும்பும் நடை எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே ஷாட்டில், இரண்டு நிமிஷத்தில் எடுப்போம் என்று எழுத்தில் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தோம். எங்கள் மேடம் கையெழுத்துப் போடும்போதே எச்சரித்தார். அந்த ஒரு ஷாட் சரியாக வராவிட்டால் நான்கு பேருக்கும் அரியர். அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி எடுக்க வேண்டும்.

மற்ற மூவரும் கோயம்புத்தூரிலேயே ஏதாவது பூங்காவில் முடித்துவிடலாம் என்றார்கள். நான்தான் கேட்கவில்லை. எங்கள் எஸ்டேட், எங்கள் காடு, எனக்குத் தெரியாதா என்று வீராப்பு பேசினேன். மேனேஜரைப் பார்த்து ஒரே ஒரு நாளைக்கு அனுமதி வாங்கினேன். வேலை நிற்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

நாளையும் நான்தான் குறித்தேன். அந்த வருஷம் கோடை மழை முந்திக்கொண்டது. பன்னிரண்டாம் நம்பர் காடு இளம்பச்சையில் தகதகத்தது. போனில் மழை பார்த்தேன், வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்தேன், பனி எப்போது ஏறும் என்றுகூடக் கணக்குப் போட்டேன். காடு அவ்வளவு அழகாக நிற்கிறது என்றால் அது கத்திரிக்குத் தயாராக நிற்கிறது என்று அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அது மொட்டையாகிவிடும், மறுபடி அந்தப் பச்சை வர இரண்டு வாரம் ஆகும். பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம். கேமராவுக்குப் பின்னால் நின்றதும் எப்படித்தான் மறந்து தொலைத்தேனோ தெரியவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் எஸ்டேட்டுக்கு லீவு.

பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு கூடையும்

எதற்காக அவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் நான்காவதோ ஐந்தாவதோ படிக்கும்போது எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரு பாட்டு எடுக்க வந்தார்கள். ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பன்னிரண்டு பெண்கள் முதுகில் பளபளவென்று புதுக் கூடையைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். எங்கள் ஊரில் யாரும் கூடை கட்டிப் பல வருஷம் ஆகிறது. கத்திரியும் சாக்கும் இடுப்பில் தார்ப்பாயும் கால்களில் பூட்ஸும்தான் எங்கள் வேஷம்.

அம்மாவும் மற்றவர்களும் அன்றைக்கு எதிர்ச்சரிவில் வேலையில் இருந்தார்கள். மைக்கில் ஒருவர், அங்கே தெரிகிறவர்கள் எல்லாம் ஃபேக்டரிக்குப் பின்னால் போய் நில்லுங்கள், ஃபிரேமில் வருகிறீர்கள் என்றார். அவர்களும் போய் நின்றார்கள். சாயங்காலம் வரை நின்றார்கள். அம்மா அதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து கதை பேசினோம் என்று சந்தோஷமாகத்தான் சொல்வாள். எனக்குத்தான் அது உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது.

நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் எனக்கு மூன்று விதமான எதிர்காலம் சொன்னார்கள். நடிக்கப் போகிறாள், டி.வி.யில் செய்தி வாசிக்கப் போகிறாள், கல்யாண வீடியோ எடுக்கப் போகிறாள். அம்மாவிடம் கேட்டால் மட்டும், "அது ஏதோ பிராட்டிகல் படிப்பு" என்று முடித்துவிடுவாள். ஒன்றே ஒன்றுதான் அவள் என்னிடம் கேட்பாள், எப்போது முடியும் என்று. மூன்று வருஷத்தில் என்று சொல்லியிருந்தேன்.

மூன்று வரிசை பாக்கி

இரண்டாவது டேக்கில் ஹரிணி ஈர மண்ணில் வழுக்கி, செடி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவதில் வனத்துறை ஜீப் வந்தது. பக்கத்துக் காட்டில் யானை நிற்கிறது, யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொல்லிக்கொண்டு போனது. ஸ்டெஃபி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, இதைவிடச் சுத்தமாக இதுவரை எதையும் பதிவு செய்ததில்லை என்றாள். நான்காவதில் ஃபோகஸை நானே கோட்டை விட்டேன். ஐந்தாவதில் சரசக்காவின் போன் அடித்தது. அவள் அதை எடுத்து, சூட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசு என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

இத்தனைக்கும் நடுவில் சூப்பர்வைசர் பெருமாள் அண்ணன் வந்து பார்த்தார். மூன்று மணிக்குத்தான் முடியும் என்று நினைத்த காடு பன்னிரண்டு மணிக்கே முடியப் போவதைக் கண்டு அவருக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. கேமரா பார்க்கிறது என்று பெண்கள் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்திருக்கிறார்கள்.

"ஏனுங்க தம்பி, தெனமும் சூட்டிங் வெக்க முடியுமுங்களா?" என்று இம்ரானைக் கேட்டார். இம்ரான் மிச்ச வரிசைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

மூன்று வரிசைதான் பாக்கி இருந்தது. இம்ரான் என் பக்கத்தில் வந்து, இதுதான் கடைசி என்று நினைத்து எடுப்போம் என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். என் வாயால் நான்கு பேருக்கும் ஒரு வருஷம் போகப் போகிறது.

பெண்களிடம் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எது நடந்தாலும் சரி, யாரும் கேமராவைப் பார்க்காதீர்கள். எங்களுக்கு முதல் வருஷமே மண்டையில் ஏற்றிய பாடம் அது. நடிக்கிறவர் லென்ஸைப் பார்த்துவிட்டால் அந்த டேக் குப்பை.

ஆறாவது டேக்

இம்ரான் கேன்வாஸ் ஷூவில் வந்திருந்தான். கோடை மழைக்கு அட்டைகள் கிளம்பிவிட்டன, அதனால் என் பூட்ஸைக் கழற்றி அவனுக்குக் கொடுத்திருந்தேன். நான் செருப்போடு நின்றேன். இந்த ஊர்க்காரிக்கு எதற்குப் பூட்ஸ் என்று அதிலும் ஒரு வீராப்பு.

ஆறாவது டேக் ஆரம்பித்தது. ஹரிணி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். வழுக்கவில்லை. பனி வரவில்லை, ஜீப் வரவில்லை, போன் அடிக்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை மெல்லத் திருப்பினேன். கெண்டைக்காலில் ஏதோ ஊர்ந்தது. என்னவென்று தெரியும். அசைந்தால் ஷாட் ஆடும். அசையவில்லை.

ஹரிணி அம்மாவின் வரிசைக்கு வந்து நின்றாள். கதைப்படி அம்மா வேலையை நிறுத்தாமல் ஒரு தடவை நிமிர்ந்து மகளைப் பார்த்துவிட்டுக் குனிய வேண்டும். ஹரிணி சொல்ல வாயெடுக்க வேண்டும். அம்மா நிமிர்ந்தாள். அவள் கண் ஹரிணியின் தோளைத் தாண்டி நேராக லென்ஸுக்குள் வந்தது.

"புள்ள, கால்ல அட்டை ஏறுது பாரு" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் ஹரிணி பயந்துபோய்த் தன் காலைத்தான் குனிந்து பார்த்தாள். பாவாடையை உதறினாள், நிமிர்ந்தாள், சிரித்தாள். சொல்ல வந்ததை மறந்தவள் மாதிரி ஒரு நொடி நின்றாள். அம்மாவும் வேலைக்குக் குனிந்துவிட்டாள். ஹரிணி திரும்பி நடந்தாள். பாதை வரை போய் ஃபிரேமை விட்டு வெளியேறினாள். இரண்டு நிமிஷம் எட்டு விநாடி.

இம்ரான் "கட்" சொல்லவே இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அம்மா கத்திரியைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, மடியிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்து அட்டை மேல் தேய்த்தாள். அது சுருண்டு விழுந்தது. கேமராவைப் பார்க்காதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று நான் கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் அம்மாவிடம் அப்படிப் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவள் என் காலில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

ஏழாவது டேக்கில் ஹரிணி பாதி வழி வருவதற்குள் காடு முடிந்துவிட்டது. பெண்கள் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு நிறுவைக்குப் போய்விட்டார்கள்.

ஓரத்தை வெட்டினால் போதும்

முழுதாக வந்தது ஆறாவது மட்டும்தான். கோயம்புத்தூரில் எடிட்டிங் அறையில் நான்கு பேரும் அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தோம் என்று தெரியாது. அட்டை என்ற குரலை வேண்டுமானால் துடைத்துத் தருகிறேன் என்றாள் ஸ்டெஃபி. பார்வையைத் துடைக்க முடியாது.

வழி ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டினால் அம்மா ஃபிரேமுக்கு வெளியே போய்விடுவாள். ஹரிணி மட்டும் இருப்பாள். செய்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது, ஒரு குற்றம் சொல்ல முடியாது. இம்ரான் முதுகில் தட்டினான்.

ஃபைலைச் சேமிக்கப் போன கை நின்றுவிட்டது. ஃபிரேமில் வருகிறீர்கள், ஃபேக்டரிக்குப் பின்னால் போங்கள் என்று அன்றைக்கு மைக்கில் ஒருவர் சொன்னதைத்தான் நான் இப்போது ஒரு மவுஸால் செய்துகொண்டிருக்கிறேன். அதை அவர்களிடம் சொன்னேன். எனக்காக நீங்கள் மூன்று பேரும் அரியர் வாங்க வேண்டியதில்லை என்றும் சொன்னேன்.

ஹரிணிதான் முதலில் வாயைத் திறந்தாள். அந்த அம்மா இல்லாவிட்டால் அவள் எதற்காகக் காலைத் தூக்கிப் பார்க்கிறாள் என்றே புரியாது, பைத்தியம் மாதிரி இருக்கும் என்றாள். ஸ்டெஃபி குரலைத் துடைக்கப் போவதில்லை என்றாள். இம்ரான் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தான்.

"வெச்சுக்கலாம். ஆனா மார்க் போடற அன்னைக்குக் கேள்வி கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றான்.

பதில் சொன்ன நாள்

மதிப்பெண் போட வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பல வருஷம் சினிமாவில் கேமரா வேலை பார்த்தவர் என்றார்கள். வெள்ளைத் தாடி, கையில் ஒரு பேனா, முன்னால் கல்லூரி கொடுத்த தாள். அந்தத் தாளை நாங்களும் பார்த்திருக்கிறோம். வரிசையாகக் கேள்விகள் இருக்கும், பக்கத்தில் ஒரு கட்டம்.

படம் ஓடியது. அம்மா நிமிர்ந்து பார்த்த இடத்தில் அவர் பேனா ஓடியதை நான் கவனித்தேன். படம் முடிந்து விளக்கு போட்டதும் கேமரா யார் என்று கேட்டார். எழுந்து நின்றேன்.

"வேலை செய்யற ஒரு அம்மா நேரா லென்ஸைப் பார்க்கறாங்க. முதல் வருஷத்துப் பிள்ளைகூட இதை விடாது. ஏன் வெச்சிருக்கீங்க?"

மனப்பாடம் செய்துகொண்டு போன பதில் ஒன்று இருந்தது. திரைக்கும் பார்வையாளருக்கும் நடுவிலுள்ள சுவரை உடைப்பது என்று அதில் ஏதேதோ வரும். இம்ரான்தான் எழுதிக் கொடுத்திருந்தான். வாயைத் திறந்தால் அதில் ஒரு வரிகூட வரவில்லை.

"அவங்க லென்ஸைப் பார்க்கலைங்க சார்" என்றேன். "என்னைப் பார்த்தாங்க. என் கால்ல அட்டை இருந்துச்சு. அவங்க என் அம்மா."

அவர் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். விளக்கை அணைத்தார்கள். சுவர் அகலத்துக்கு அம்மா நிமிர்ந்தாள். அன்றைக்குக் கேமராவுக்குப் பின்னால் நின்றபோது பதற்றத்தில் நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். அதில் நடிப்பும் இல்லை, பயமும் இல்லை. மகள் காலில் அட்டை ஏறுகிறது, அவ்வளவுதான் இருந்தது. நான் இருட்டில் அழுதேன். பக்கத்தில் இம்ரானும் மூக்கை உறிஞ்சினான், சளி பிடித்திருக்கிறது என்று பிறகு சொன்னான்.

விளக்கு வந்தது. அவர் தாளைக் கிட்டே இழுத்தார். நடிப்பவர் கேமராவைப் பார்க்கிறாரா என்ற கேள்விக்குப் பக்கத்துக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதியிருந்தார். அதன் மேல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, 'இல்லை' என்று எழுதினார்.